ஒரு திரி புல்

புறப்பட்ட ஐம்பத்திரண்டு மணி நேரத்தில் அஸ்லாத்தின் பனிவண்டி ஒன்பது முறை நின்றுவிட்டது.

காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது கயிற்றை இழுத்தால் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். உறைந்த ஏரியின் மேல் வண்டி நன்றாகவே போகும். சூடேறிய பிறகு ஒரு மேடு வந்தால் போதும், மூச்சு வாங்க ஆரம்பிக்கும். வேக லீவரைக் கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் வேகம் வராது. கடைசியில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். அஸ்லாத் இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கின் மூடியைத் திறந்து பார்ப்பான். இருக்கும். மூடிவிட்டு ஒரு காபி குடிப்பான். பிறகு இழுத்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும்.

இந்த வருஷம் பனிமான் மந்தைக்கு முன்னால் போக வேண்டியவன் அவன்தான். வீட்டுக்கு மூத்தவன். சினைமான்கள் கன்று ஈனுவதற்குள் கடற்கரை மேய்ச்சலுக்குப் போய்ச் சேர வேண்டும். பனி இளகிவிட்டால் ஆறுகளைத் தாண்ட முடியாது. மான்கள் யாருடைய வண்டிக்காகவும் நிற்பதில்லை. முதல் நாள் மாலையே அவனுடைய இடத்துக்குத் தம்பி பியேரா போய்விட்டான். அஸ்லாத் பின்தங்கி, மூட்டை முடிச்சுகளோடு வரும் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டான். நாற்பத்தைந்து வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வருகிறான் என்று மந்தைக்காரர்கள் வாக்கி டாக்கியில் சிரித்தது எல்லோருக்கும் கேட்டது.

பின்னால் வந்தவை மூன்று வண்டிகள். முதலில் அம்மா ரவ்னா. எழுபதை நெருங்கியும் அவள் ஓட்டும் வண்டியில் பின்னால் யாரையும் ஏற்ற மாட்டாள். வளைவில் எடை தடுமாறும் என்பாள். அவள் வண்டி இழுத்துவந்த சறுக்குப் பெட்டியில், மான்தோல் விரிப்பின் மேல், மருமகள் தோருன் உட்கார்ந்திருந்தாள். பியேராவின் மனைவி. மடியில் ஐந்து வயது மகள் எல்லே. நடுவில் அஸ்லாத். கடைசியில் பக்கத்து வீட்டு நில்லாஸ். பள்ளத்தாக்கில் யாருடைய எஞ்சின் கெட்டாலும் நில்லாஸ் வீட்டுக் கொட்டகைக்குத்தான் வரும். அவர் மனைவி இறந்த பிறகு அந்தக் கொட்டகையில்தான் அவருக்குப் பேச்சுத்துணை கிடைத்தது.

புறப்படுவதற்கு முந்தின வாரம் அஸ்லாத்தின் வண்டியில் இக்னிஷன் காயில் மாற்றியவரும் நில்லாஸ்தான்.

அதனால் பழி எங்கே போய் விழும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சூடானால் செத்துப்போகும் காயில்கள் உண்டு. அது நில்லாஸுக்கும் தெரியும். முதல் நாள் அவர் மறுத்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். சரியான நிறத்தில் இருந்தது. பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். கூலன்ட் குழாய்களைத் தடவினார். இறுகிய பனியில் ஓடுவதால் எஞ்சின் குளிராமல் போகிறதோ என்று இருக்கைக்குக் கீழே இரண்டு மண்வாரி பனியை அள்ளிப் போட்டார். எதுவும் மாறவில்லை.

"புதுக் காயில்னு சொன்னீங்களே அண்ணே," என்றான் அஸ்லாத். "எந்த வருஷத்துப் புதுசு?"

"டப்பாவ உன் முன்னாலதானடா பிரிச்சேன்."

"டப்பா புதுசுதான். நான் டப்பாவச் சொல்லல."

அவ்வளவுதான் வாய்விட்டுப் பேசியது. அந்தப் பள்ளத்தாக்கில் யாரையும் நேராகத் திட்டுவதில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு ராகம் உண்டு, சின்ன வயதிலேயே யாராவது கட்டிக் கொடுத்தது. வார்த்தை அதிகம் இருக்காது. கேட்டால் ஆள் கண்முன் வந்து நிற்பார். நில்லாஸின் ராகம் ஒரு தட்டலும் இரண்டு இழுப்புமாகப் போய், எஞ்சின் பிடித்துக்கொண்டதுபோல மேலே எழுந்து முடியும். இரண்டாம் நாள், வண்டி ஐந்தாவது முறை நின்றபோது, அஸ்லாத் இருக்கையில் சாய்ந்துகொண்டு அதை முனகினான். முடிவில் மட்டும் மேலே போகாமல், இரண்டு இருமலோடு கீழே இறக்கி நிறுத்தினான். எல்லே கைகொட்டிச் சிரித்தாள். ரவ்னா தலையைத் திருப்பிக்கொண்டாள். நில்லாஸ் ஸ்பேனர் சாவிகளைத் துணியில் துடைத்து ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். அதன் பிறகு அவர் மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் நண்பகலில், மான்வேலியோரம் முன்கூட்டியே ஒளித்து வைத்திருந்த பீப்பாயிலிருந்து எல்லா வண்டிகளுக்கும் பெட்ரோல் நிரப்பினார்கள். விளிம்பு வரை. புறப்பட்டு முதல் மேட்டைக்கூடத் தாண்டவில்லை, அஸ்லாத்தின் வண்டி நின்றது. நில்லாஸ் கையுறையைக் கழற்றி எஞ்சினைத் தொட்டார். சூடே இல்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நேற்று டாங்க் காலியாகும் நிலையில் இருந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய வண்டி இது.

அஸ்லாத் வழக்கம்போல மூடியைத் திறந்தான்.

தோருன் பெட்டியில் இருந்து இறங்கி, எல்லேயைச் சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போய்விட்டு அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தாள். மூடி திரும்பும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. காற்று வெளியே வரும் சத்தம் அல்ல. உள்ளே போகும் சத்தம்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அவள் கடற்கரைக்காரி. அப்பாவின் படகில், பெட்ரோல் டப்பாவின் மூடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். கிளம்புவதற்கு முன் அதைத் திறந்துவிட வேண்டும். மறந்தால் துறையைத் தாண்டும் முன்பே மோட்டார் இளைக்கும். பெட்ரோல் போகப்போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டப்பா பெட்ரோலை விடாது. டப்பா நிறைய இருந்தால் இன்னும் சீக்கிரம் நிற்கும், உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம்தானே. எத்தனை முறை அப்பாவிடம் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறாள்.

சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டாங்குக்கு மூச்சுவிட வழியில்லை. ஒவ்வொரு முறையும் வண்டியைப் பிழைக்கவைத்தது காபி அல்ல, மூடியைத் திறந்தது.

காதுவரை சூடு ஏறியது அவளுக்கு. எல்லேயின் தொப்பிக் கயிற்றைக் கட்டும் சாக்கில் குனிந்துகொண்டாள். குனிந்ததும் தன் கால்கள் தெரிந்தன. மான்தோல் பூட்ஸ். அதன் வாயில் இருந்து காய்ந்த புல் இரண்டு இழை நீட்டிக்கொண்டிருந்தது.

மற்ற எல்லோரும் கடையில் வாங்கிய பூட்ஸ்தான் போட்டிருந்தார்கள், ரவ்னா உட்பட. தோல் பூட்ஸுக்குள் குளிருக்காகப் புல் அடைத்துப் போடுவது அந்தக் கூட்டத்திலேயே தோருன் ஒருத்திதான். கல்யாணமான வருஷம் ரவ்னா தைத்துக் கொடுத்தது. வந்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ஆறு வருஷமாக அதையே போட்டுக்கொண்டிருக்கிறாள்.

வந்தவள் மறைத்த விஷயம் வேறு.

பியேரா அவளை முதன்முதலாக ஈஸ்டர் விருந்துக்குக் கூட்டிவந்தபோது, இருபது பேர் உட்கார்ந்திருந்த மேசையில் ரவ்னா கேட்டாள், வண்டி ஓட்டுவியாம்மா என்று. "கடற்கரையில நாங்க என்ன, நடந்தா போறோம்?" என்றாள் தோருன். மேசையே சிரித்தது. கெட்டிக்காரி என்றார்கள். அவள் சொன்னது பொய்கூட அல்ல. படகு ஓட்டுவாள், கார் ஓட்டுவாள். பனிவண்டியில் உட்கார்ந்ததுகூட இல்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் வயிற்றில் எல்லே. அதற்கடுத்த வருஷம் கைக்குழந்தை. பிறகு மடிக்குழந்தை. பெட்டியில் உட்கார ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது. கொட்டகையிலிருந்து வாசல் வரை அவள் வண்டியை நகர்த்துவதைப் பியேரா பார்த்திருக்கிறான். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. மூன்று வயதில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஓட்டிப் பழகும் ஊரில், முப்பது வயதுக்காரிக்குத் தெரியாது என்று யாருக்கும் தோன்றாது.

எல்லேக்கு ஐந்து ஆகிவிட்டது. அடுத்த வருஷம் அவள் பாட்டியோடு முன்னால் உட்காருவாள், தோருனுக்குப் பெட்டியில் உட்காரக் காரணம் இருக்காது. அதற்குள் யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பழகிவிட நினைத்தாள். இந்த மார்ச்சில், மற்ற ஆண்கள் மந்தைக்குப் போயிருந்த நாளில், அஸ்லாத் பல் வைத்தியத்துக்கு நகரத்துக்குப் போயிருந்தான். அவன் வண்டி கொட்டகையில் நின்றது. யாரும் பார்க்காத ஓடைப் பக்கமாக அதை எடுத்துக்கொண்டு போனாள். சமதளத்தில் சரியாகத்தான் போனது. சரிவில், வண்டி சாயும் பக்கத்துக்கு எதிராக உடம்பைச் சாய்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. பயத்தில் அவளும் வண்டியோடு சேர்ந்தே சாய்ந்தாள். வண்டி ஓடைக்குள் பக்கவாட்டில் படுத்தது.

டாங்கிலிருந்து வந்து கைப்பிடிக்கு அடியில் முடியும் மெல்லிய காற்றுக்குழாயிலிருந்து பெட்ரோல் சொட்ட ஆரம்பித்தது. சொட்டினால் வாசனை வரும், அளவு குறையும், அஸ்லாத் கேட்பான். பூட்ஸிலிருந்து ஈரப்புல்லை ஒரு பிடி உருவித் திரியாக முறுக்கிக் குழாய்க்குள் அழுத்தினாள். பிறகு ஒரு பிர்ச் மரக்கழியை நெம்புகோலாக்கி, அழுதுகொண்டே, சாயங்காலம் வரை போராடி வண்டியை நிமிர்த்தினாள். திரும்பி வந்து கொட்டகையில் விட்டுவிட்டு, யாரும் பார்க்கும் முன் வீட்டுக்குள் ஓடினாள். புல் நினைவிலேயே இல்லை. இன்று வரை இல்லை. அதன் பிறகு அந்த வண்டி நெடுந்தூரம் ஓடியது இந்தப் பயணத்தில்தான்.

அன்று மாலை மலைக்குடிலை அடைந்தார்கள். இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. மற்றவர்கள் உள்ளே இறைச்சி ரசத்தை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது, உருக்குவதற்குப் பனி அள்ளி வருவதாகச் சொல்லி வாளியோடு வெளியே வந்தாள் தோருன். கைப்பிடி உறைக்குள் விரலை விட்டுக் குழாயைத் தேடிப்பிடித்தாள். திரி வெளியே வர அடம்பிடித்தது. கொண்டை ஊசியால் குத்தி இழுத்தாள். கறுத்து, பெட்ரோலில் ஊறி, விரல்நீளத்துக்கு வந்தது. கையுறைக்குள் செருகிக்கொண்டாள். காலையில் வண்டி ஓடும். ஏன் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. எஞ்சின்கள் சில சமயம் அப்படித்தான் என்பார்கள். அந்த இரவு நன்றாகத் தூங்கினாள்.

விடிந்து அவள் வெளியே வந்தபோது நில்லாஸ் தன் வண்டிக்கும் அஸ்லாத்தின் வண்டிக்கும் நடுவில் மண்டியிட்டிருந்தார். இரண்டின் பானெட்டும் திறந்திருந்தது. இரண்டும் ஒரே கம்பெனி வண்டி. தன் வண்டியிலிருந்த காயிலைக் கழற்றி அஸ்லாத்தின் வண்டியில் அவர் போட்டு முடித்திருந்தார். அஸ்லாத்தின் வண்டியிலிருந்து கழற்றிய காயிலைத் தன் வண்டியில் போடவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் போட்டுக் கெட்டுப்போன பொருளை நானே எப்படி நம்பி மலை ஏறுவது என்று அஸ்லாத்திடம் சொன்னார். அவருடைய வண்டி குடிலிலேயே நிற்கட்டும், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். சாவிப்பையை அஸ்லாத்தின் இருக்கைக்குப் பின்னால் கட்டினார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். இனிமே ஒருத்தன் வண்டியிலயும் நான் கை வைக்கல."

அஸ்லாத் பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கயிற்றை இழுத்தான்.

வண்டி ஓடியது. ஏரி, மேடு, அடுத்த மேடு, எதற்கும் நிற்காமல் ஓடியது. ஒவ்வொரு மேட்டிலும் தோருன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுவிடக் கூடாதா என்றுகூட நினைத்தாள். வண்டி ஓட ஓட நில்லாஸின் குற்றம் உறுதியாகிக்கொண்டே வந்தது.

அவர் அவளுக்கு எதிரில், அதே சறுக்குப் பெட்டியில், மாவு மூட்டைக்கும் கூடாரத் துணிக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் பெட்டியில் போவது குழந்தைகளும் நோயாளிகளும்தான். தோருனும்தான். அவளைப் பார்த்து, இங்கே காற்றே அடிக்கவில்லை, நல்ல இடமாகப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று சொல்லிச் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

எல்லேக்குச் சலிப்புத் தட்டியது. மான்தோலின் முடியைப் பிய்த்துக்கொண்டே முனக ஆரம்பித்தாள். ஒரு தட்டல், இரண்டு இழுப்பு, பிறகு இரண்டு இருமல். அவளுக்குத் தெரிந்தது அந்த முடிவு மட்டும்தான். தோருன் அவள் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனாள்.

"விடும்மா," என்றார் நில்லாஸ். "நல்லாத்தான பாடுது."

இரண்டாவது முறை எல்லே பாடியபோது அவரும் கூடவே முனகினார். முடிவில், குழந்தையோடு சேர்ந்து, இருமினார்.

அடுத்த ஏரிக்கரையில் காபிக்கு நிறுத்தினார்கள். ரவ்னா விறகை அடுக்கிக் கெண்டியை வைத்தாள். காபியில் ஊறட்டும் என்று பாலாடைக்கட்டியை வெட்டிக் கோப்பைகளில் போட்டாள். தோருன் கையுறையைக் கழற்றி, உள்ளே இருந்ததை எடுத்து, எல்லோருக்கும் நடுவில் விரித்திருந்த தோலின் மேல் வைத்தாள். பெட்ரோல் வாசனை எழுந்தது.

ரவ்னாதான் முதலில் குனிந்து பார்த்தாள். பிறகு மருமகளின் பூட்ஸைப் பார்த்தாள்.

"என் புல்லுதான்," என்றாள் தோருன். "அத்தானோட வண்டி காத்துக்குழாய்ல நான்தான் அடைச்சு வச்சேன். எடுக்க மறந்துட்டேன். நேத்து சாயங்காலம்தான் எடுத்தேன். காயில்ல ஒண்ணுமே இல்ல."

பிறகு எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: வண்டி சாய்ந்தது, பெட்ரோல் சொட்டியது, மூடி திறக்கும்போது கேட்ட சத்தம், அப்பாவின் படகு. அஸ்லாத் தன் வண்டியை எதற்கு எடுத்தாய் என்று கேட்டான். விறகுக்கு என்றாள். அந்த ஒரு வார்த்தை தானாகவே வாயில் வந்து விழுந்தது. ரவ்னா அவளை நிமிர்ந்து பார்த்தாள். மார்ச்சில் கொட்டகை நிறைய விறகு இருந்தது அவளுக்குத் தெரியும். கெண்டியைத் திரும்ப நெருப்பில் வைத்தாள்.

நில்லாஸ் எழுந்து போனார். சாவிப்பையை அவிழ்த்தார். சட்டைப்பையிலிருந்த காயிலைத் துடைத்து அஸ்லாத்தின் வண்டியில் மாட்டினார், தன்னுடையதைக் கழற்றிக்கொண்டார். பெட்டியில் இருந்த கேனிலிருந்து டாங்கை விளிம்பு வரை நிரப்பச் சொன்னார். அஸ்லாத் ஏரியைச் சுற்றி, கரைமேட்டில் ஏறி இறங்கி, எஞ்சின் கொதிக்கும் வரை விரட்டினான். காபி ஆறும் வரை சுற்றியும் வண்டி நிற்கவில்லை.

திரும்பி வந்து எஞ்சினை அணைத்தவன் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு நில்லாஸின் ராகத்தை முனகினான். முடிவை மேலே, இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். நில்லாஸ் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் சாவிப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

யாரும் தோருனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அஸ்லாத் மட்டும், ஆறு வருஷமா உனக்கு ஒரு ராகம் இல்லாம இருந்துச்சு, இப்பக் கெடச்சிருச்சு, உஸ்ஸுன்னு முடியும் என்றான். ரவ்னாகூடச் சிரித்தாள். தோருன் அந்தச் சிரிப்புக்குள் ஒதுங்கிக்கொள்ளப் பார்த்தாள். முடிந்துவிட்டது என்றே நினைத்தாள்.

அஸ்லாத் உடனே கிளம்ப வேண்டும். மாலைக்குள் மந்தையைப் பிடித்தால் தன் இடத்துக்குப் போய்விடலாம். அவன் வண்டி மேட்டுக்கு அப்பால் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்த ரவ்னா, தன் வண்டியிலிருந்து சறுக்குப் பெட்டியைக் கழற்றினாள்.

"நில்லாஸோட வண்டி குடில்ல நிக்குது. அது உன்னாலதான் நிக்குது," என்றாள் மருமகளிடம். குரலில் கோபம் இல்லை. "நீயே அவரக் கூட்டிட்டுப் போய் எடுத்துட்டு வரணும். என் வண்டிய எடுத்துக்க. நானும் புள்ளையும் இங்க இருக்கோம்."

நியாயமான பேச்சு. அதற்கு மறுப்புச் சொல்ல ஒன்றுமில்லை. போகும்போது நில்லாஸையே ஓட்டச் சொல்லிவிடலாம். வரும்போது வண்டி இரண்டு, ஆளும் இரண்டு. நடுவில், காலையில் வந்த வழியில், கீழே பாறைப் பள்ளம் தெரியும் நீளமான சரிவு இருக்கிறது. ரவ்னாவே அங்கே எழுந்து நின்று, ஒரு பக்கமாக உடம்பைத் தொங்கவிட்டுத்தான் ஓட்டினாள்.

தோருன் இருக்கையில் ஏறினாள். கயிற்றை இழுத்தாள், எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னால் நில்லாஸ் ஏறி உட்கார்ந்தார். அவருடைய சாவிப்பை அவள் முதுகில் இடித்தது. யாரையும் பின்னால் ஏற்றாத வண்டி.

"மெதுவாவே போம்மா," என்றார் அவர். "அந்தச் சரிவுல மட்டும் மேல் பக்கமாச் சாஞ்சுக்கலாம். உனக்குத் தெரியாததா."

எல்லே தோலின் மேல் நின்று கையை ஆட்டினாள். ரவ்னா கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள், ஈஸ்டர் மேசையில் பதிலுக்குக் காத்திருந்த அதே முகத்தோடு. தோருன் கட்டைவிரலை லீவர்மேல் வைத்தாள். அழுத்தவில்லை. கையுறைக்குள் இன்னும் பெட்ரோல் வாசனை இருந்தது.

அவள் எஞ்சினை அணைத்தாள். ஏரி முழுக்கச் சத்தம் நின்றது.

"என்னாச்சும்மா?" என்றார் நில்லாஸ். கை தானாகவே சாவிப்பைக்குப் போனது. "நின்னுபோச்சா?"

"இல்ல மாமா. நான்தான் நிறுத்துனேன்." பிறகு ரவ்னாவுக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"அத்தை, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."